நாலாவது பெஞ்சில் இருந்தவள்

நிற்பதுதான் இந்தக் காமிராப் பெட்டிக்குள் விழும், நடக்கிற மனுஷர் விழமாட்டார்கள் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் மருமகள் கோகிலா. போன வருஷம் தவக்காலத்து இரண்டாம் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்த நேரம். இதே இடத்தில், பெரிய வாசலுக்கு நேரே உள்ளே, மூன்று காலில் காமிராப் பெட்டியை நிறுத்தியிருந்தாள். இத்தனை பேர் குறுக்கே போகிறார்களே மக்கா, படம் கெட்டுப்போகாதா என்றேன். "போனாப் போகட்டுங்கத்தை. நிக்காமப் போறவங்கள இது கண்டுக்கவே கண்டுக்காது" என்று சிரித்தாள். கோபிச்செட்டிபாளையத்துப் பிள்ளை, எதைச் சொன்னாலும் வெல்லம் கரைகிற மாதிரிதான் சொல்லுவாள். படம் வந்தபோது பார்த்தேன். முந்நூறு பேர் நடந்த கோயில் ஒரு ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. தூண் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, பீடத்தில் மெழுகுவர்த்தி இருக்கிறது, எங்கள் ஊர்தான் இல்லை. மாவாட்டுகிற வியாகுலம், பேரனை இடுப்பில் வைத்திருந்த செல்லம்மா மதினி, நான், ஒருத்தருமில்லை. உலகம் முடிந்த மறுநாள் காலையில் யாரோ வந்து எடுத்த படம் போல. அந்த வெறிச்சோடிய கோயில் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, இதோ இப்போதும், பகல் இரண்டே கால் மணிக்கு, வெளியே மணல் கொதிக்கிற வெயிலில், சந்தியாகப்பர் கோயிலுக்குள் நான் மட்டும் நிற்கும்போதும். பெட்டியின் கண்ணைத் திறந்தாயிற்று. கயிறு மாதிரி தொங்குகிற கம்பியின் நுனியை அழுத்தி, திருகி, பூட்டியாயிற்று. க்ளுக் என்று ஒரு சின்னச் சத்தம், பல்லி சொன்ன மாதிரி. ஜெபமாலையின் முதல் பெரிய மணி விரலில். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே.

என் கடிகாரம் ஜெபமாலைதான். கோகிலாதான் அளந்து பார்த்தாள், மூன்று நாள் சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல போனில் நேரம் பிடித்து. "அத்தை, மாலைல ஒரு பத்து சொல்ல நாலு நிமிஷம். மூணு நாளும் நாலேதான். நீங்க மனுஷியா மிஷினா?" அஞ்சு பத்துக்கு இருபது நிமிஷம். இந்தக் கோயிலின் இருட்டுக்கு இந்த பிலிம் இருபது நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும் என்பாள், அதுவும் போகப் போக பிலிமுக்கு அசதி வந்துவிடும், சாப்பிடச் சாப்பிடப் பசி மந்திக்கிற மாதிரி. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அவள் சொல்லித்தருவது எல்லாம் அடுக்களைக் கணக்கில்தான் வரும். முதலில் பை தூக்கத்தான் கூடப் போனேன். மகன் ஜோபின் கப்பலில், இவளுக்குப் பழைய கட்டடங்களைப் படம் எடுத்து ஆவணம் செய்கிற வேலை, தனியாக அலைய வேண்டாமே என்று. பிறகு ஒருநாள் "வாங்கத்தை, நீங்க பாருங்க" என்று கறுப்புத் துணியை என் தலைமேல் போட்டாள். பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போது முக்காடு போடுகிற மாதிரி இருந்தது; உள்ளே வேறு உலகம். தேய்த்த கண்ணாடியில் கோயில் தலைகீழாகத் தொங்கியது. தரை மேலே, கூரை பாதாளத்தில். இடது வலமாகி, வலது இடமாகி, பீடத்து விளக்கு கீழ்நோக்கி எரிந்தது. ஐயோ என்று துணியை எடுத்துவிட்டேன். "பயப்படாதீங்க, நம்ம கண்ணுக்குள்ளயும் இப்படித்தான் விழுமாம், மூளைதான் நிமித்திக் குடுக்குது" என்றாள். மூளை நிமிர்த்திக் கொடுக்காவிட்டால்? அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. தூண் சாயக்கூடாது, அதுதான் இந்த வேலையில் முதல் கட்டளை. உயரம் தெரியவில்லையே என்று பெட்டியை அண்ணாந்து பார்க்கவைத்தால் தூண் எல்லாம் பின்னாலே சரியும். பெட்டி நேராக நிற்க வேண்டும், ரசமட்டத்துக் குமிழி நடுவிலே நிற்க வேண்டும், முன்பக்கத்துக் கண்ணை மட்டும் மெல்ல மேலே ஏற்ற வேண்டும். அதை நான் கோகிலாவைவிட நன்றாகவே செய்கிறேன், அவளே சொல்லுவாள். அருள் நிறைந்த மரியே. மூணு. இல்லை, நாலு. விரல் சொல்லும். விரல் பொய் சொல்லாது.

சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்க்கக்கூடாது என்று இருக்கிறேன். வருகிற திங்கள் கோயிலை இடிக்கிறார்கள், கூரை தாங்காது என்று எஞ்சினீயர் எழுதிக் கொடுத்துவிட்டார், புதுக்கோயில் வரும், வரட்டும். அதற்காகச் சுரூபச் சிலைகளைப் பெட்ஷீட்டிலும் சாக்கிலும் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தோணியார் பூப்போட்ட போர்வைக்குள். வியாகுல மாதா வெள்ளை வேட்டிக்குள். சந்தியாகப்பர் குதிரையோடு நீலத் தார்ப்பாய்க்குள், குதிரையின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே. முகமில்லாமல் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். இவர்கள் படத்தில் விழுவார்கள். அசையாதவர்கள் எல்லாரும் விழுவார்கள். அதுதானே போன மாசம் நடந்தது. இதே இடம், இதே இருபது நிமிஷம், கோகிலா வெளியே கோபுரத்தை அளந்துகொண்டிருந்தாள், நான் இதே மாதிரி மாலையோடு பெட்டியின் பக்கத்தில் நின்றேன். நின்றேன். கோயிலில் ஒரு குஞ்சு இல்லை. அஞ்சு பத்தும் முடித்து மூடினேன். மறுநாள் அவள் பிலிமைக் கழுவி வெள்ளை விளக்குப் பலகையில் வைத்தாள். கழுவின பிலிமில் எல்லாம் மாறித்தான் இருக்கும், சன்னல் கறுத்து, இருட்டு வெளுத்து. நாலாவது பெஞ்சில், பெண்கள் பக்கத்தில், ஓரத்தில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு. முக்காடு. தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி. அவளுடைய தோள் வழியாக முன் பெஞ்சின் சாய்மானக் கட்டை தெரிந்தது. கண்ணாடியில் செய்த ஆள் மாதிரி. யார் மக்கா இது என்றேன். கோகிலா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பவும் குனிந்து பார்த்தாள். "யாரோ வந்து உக்காந்திருக்காங்க போல" என்றாள். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "நீங்க நடுவால எங்கயும் போய் உக்காரலைங்களே அத்தை?" இல்லை என்றேன். பெட்டிப் பக்கத்திலேயேதான் நின்றேன் என்றேன். "செரி செரி, விடுங்க" என்று பிலிமை உறைக்குள் போட்டுவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் உறைக்குள் போட்டு நான் பார்த்ததில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன், அந்த முதுகு யாருடையது. ஊரில் இருக்கிற அத்தனை பேரின் முதுகும் எனக்குத் தெரியும், முப்பது வருஷமாகப் பின் பெஞ்சில் இருந்து பார்த்த முதுகுகள். அது அவற்றில் எதுவும் இல்லை. எனக்குத் தெரியாத ஒரே முதுகு என்னுடையதுதான். என் முதுகை நான் பார்த்ததில்லை.

ஆகவேதான் இன்றைக்கு நானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயில் கமிட்டிக்கு ஆள் இல்லாத படம் வேண்டும், அதற்காகத்தான் திரும்ப எடுக்கிறோம், அது கோகிலாவின் காரியம். என் காரியம் வேறு. இந்தத் தடவை நான் இங்கேயிருந்து நகரமாட்டேன். கால் இரண்டையும் இந்தச் சிவப்புத் தரையோட்டில் பதித்திருக்கிறேன், இடது கால் பெருவிரலுக்கு நேரே ஒரு வெடிப்பு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன். நான் நகராமல் இருந்தும் அந்தப் பெஞ்சில் அவள் விழுந்தால், அது நானில்லை. அப்படியென்றால் இந்தக் கோயிலில் நம் கண்ணுக்குப் படாத யாரோ இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார்கள். பயம்தான், ஆனாலும் அந்தப் பயத்தை மந்திரித்துக்கொள்ளலாம், தீர்த்தம் தெளிக்கலாம், பங்குச் சாமியாரிடம் சொல்லலாம். அவள் விழாவிட்டால், அன்றைக்கு அங்கே இருந்தது நான். போனது தெரியாமல், வந்தது தெரியாமல். எதற்கென்று வேண்டுவது மாதாவே. ஆவி இருக்கட்டும் என்று ஒரு கிறிஸ்தவச்சி வேண்டலாமா. வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ரெண்டாம் பத்து. பெரிய மணி. கூரையில் எங்கேயோ புறா இறக்கையை உதறுகிறது. ஒரு பெஞ்சு தானாக முறிகிற மாதிரி சத்தம் போடுகிறது, மரம் அப்படித்தான், வெயிலுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் மூச்சு விடுகிறது. வியாகுல மாதாவின் வேட்டி நுனி ஆடுகிறது, காற்றே இல்லையே, பார்க்கக்கூடாது, வெடிப்பைப் பார். பெர்னத்து அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. என் கூடப்பிறந்தவள், என்னைவிட நாலு வயசு மூத்தவள். பீடத்துத் துணி தேய்க்கிற வேலை அவளுக்கு. சனிக்கிழமைதோறும் தேய்ப்பாள். ஒரு சனிக்கிழமை ஒரே துணியை நாலு தடவை தேய்த்தாள், நான் எடுத்துச் சொன்னதற்கு, "கர்த்தருக்குச் செய்றதுல கணக்குப் பாப்பியாட்டி?" என்று ஏசினாள். நாங்களும் பக்தி என்றே நினைத்தோம். எங்கள் குடும்பத்தில் அதுதான் ஆபத்து. எதைச் செய்தாலும் பக்தியாகத் தெரியும். இரண்டு வருஷம் அப்படியே மறைத்தாள், அல்லது நாங்கள் மறைத்தோம். பிறகு மகன் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனாள். திரும்பி வரும்போது கையில் நெத்திலி இருந்தது, பிள்ளை இல்லை. பிள்ளை எங்கக்கா என்று கேட்டால், "எந்தப் பிள்ள?" என்றாள். அவ்வளவு அமைதியாக. ஓடிப்போய்ப் பார்த்தால், ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி மேலே உட்கார்ந்திருந்தது, ஒன்றரை வயசு, அழாமல், கையில் ஒரு நண்டுக் காலை வைத்துக்கொண்டு. மூன்றடி தள்ளிக் கடல். அப்புறம் ஒருநாள் நான் கஞ்சி ஊட்டும்போது என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க எந்தூரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால்கூட அழுதிருக்கமாட்டேன்.

அருள் நிறைந்த மரியே. இது எத்தனையாவது. விரல் சொல்லும், விரல் சொல்லும். கோகிலா இந்த ஒரு மாசமாக ரொம்ப அன்பாக இருக்கிறாள். முன்னேயும் அன்புதான், இப்போது அன்புக்கு ஒரு ஓசையில்லாமை வந்திருக்கிறது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு சிலிண்டரை மூடிவிட்டு வருகிறாள். அஞ்சறைப் பெட்டிப் பொடிகளுக்கு எல்லாம் டப்பாவில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள். எனக்கு வாசனையில் தெரியாதா மிளகா மல்லியா என்று கேட்டால், "எனக்குத்தானுங்கத்தை, மசக்கைல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்கிறாள். அஞ்சாம் மாசம் நடக்கிறது அவளுக்கு. இப்போது சாமியாரின் பங்களாவுக்குக் கோபுரத்துச் சாவி வாங்கப் போனவள்கூட, வாசலில் நின்று திரும்பி, "பெட்டிகிட்டயே இருங்கத்தை, என்ன?" என்றாள். நான் எங்க மக்கா போவப்போறேன் என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகாமல் இன்னும் கொஞ்சம் நின்றாள். அவளுக்குத் தெரியுமோ. தெரிந்து அவளும் மறைக்கிறாளோ, நாங்கள் அக்காவுக்கு மறைத்த மாதிரி. பிரசவத்துக்குக் கோபியில் அம்மா வீட்டுக்குப் போகமாட்டேன், அத்தை பார்த்துக்குவாங்க என்று ஜோபினிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அது கல்யாணமான புதிதில் சொன்னது, இப்போதும் அப்படிச் சொல்வாளா. பார்த்துக்குவேன், ஏன் பார்க்கமாட்டேன், எத்தனை பிள்ளையைக் குளிப்பாட்டின கை இது. வெந்நீரை விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, மணையில் உட்கார்ந்து, ரெண்டு காலையும் நீட்டி, காலிடுக்கில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய், பிடரியில் எண்ணெய், குண்டியில் ரெண்டு தட்டு, தண்ணீர் ஊற்றும்போது மூக்கில் போகாமல் நெற்றியில் ஒரு கை அணை கட்டி, கால் மட்டும் நீட்டியிருக்க வேண்டும், கால் ஏன் நீள மாட்டேன் என்கிறது. கால் மடங்கியிருக்கிறது. பாதத்துக்குக் கீழே ஓடு இல்லை, கட்டை. முழந்தாள் போடுகிற கட்டை. வெடிப்பு எங்கே. வெடிப்பு இருந்த இடத்தில் என் மடி இருக்கிறது. மடியில் மாலை. தொடைக்குக் கீழே பெஞ்சு, சூடாக, வெகுநேரம் உட்கார்ந்திருந்த சூடாக. சந்தியாகப்பரின் தார்ப்பாய் கையெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, கயிற்று முடிச்சை எண்ணலாம். எனக்கு முன்னே மூன்று பெஞ்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இது நாலாவது.

பிடரியில் தெரிகிறது, பெட்டி பின்னாலே கண்ணைத் திறந்திருக்கிறது. மயிர்க்கால் ஒவ்வொன்றாக அந்தக் கண்ணை உணருகிறது. விரலில் நாலாம் பத்தின் ஏழாவது மணி. நான் கடைசியாகச் சொன்னது ரெண்டாம் பத்தில். நடுவிலே இருந்ததைச் சொன்னது யார். என் வாய்தான், சுத்தமாகச் சொல்லியிருக்கும், ஒரு வார்த்தை தப்பியிருக்காது. அதுதான் பயம். கொஞ்சம் பொறு. பழக்கமாக இருக்கலாமே, ஆறு வயசிலிருந்து உட்கார்ந்து சொன்ன ஜெபம், உடம்பு தானாக வந்து உட்கார்ந்திருக்கும், ஆட்டோக்காரர் கேட்காமலேயே வீட்டு வாசலில் நிறுத்துகிற மாதிரி. அப்படித்தான். அக்காவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். சரி, எழுந்திரு. இப்போது எழுந்து, ஓரமாக நடந்து, பெட்டிப் பக்கத்தில் போய் நின்றுகொள். நடக்கிறவர் விழமாட்டார்கள். உட்கார்ந்தது விழுந்திருந்தாலும் இப்போதே எழுந்தால் லேசாக, புகை மாதிரி, தூசி என்று சொல்லலாம், கோகிலாவும் தூசி என்று சொல்லி உறைக்குள் போட்டுவிடுவாள், அவளுக்கு மனசு அப்படி. நீங்க நடுவால எங்கயும் உக்காரலைங்களே என்பாள். இல்லை என்பேன். என் வாய்க்கு அது வரும், நிஜம் போலவே வரும். கையைப் பெஞ்சில் ஊன்றிவிட்டேன். ஊன்றிய கை அப்படியே நிற்கிறது. ஐஸ் பெட்டி மேலே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அக்காவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அது சும்மா நண்டுக் காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நான் எழுந்தால், இந்தப் பாட்டியை நம்பாதே என்று கோகிலாவின் பிள்ளைக்கு யார் சொல்லுவார்கள். கோகிலாவிடம் வாயால் சொல்ல என்னால் ஆகாது. எத்தனை தடவை மனசுக்குள் ஆரம்பித்து, சாம்பாருக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன். இந்தப் பெட்டி சொல்லட்டும். இதற்கு வெட்கம் கிடையாது, பாசமும் கிடையாது. கையை மெல்ல எடுத்து மடியில் வைக்கிறேன். தலை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, அது எப்போது சாய்ந்ததோ, அப்படியே இருக்கட்டும், நிமிர்த்தப் போவதில்லை. தோள் வழியாகக் கட்டை தெரியாத அளவுக்கு, கெட்டியாக, விழ வேண்டும். மூச்சைக்கூட மெல்ல விடுகிறேன். நெற்றியில் வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போகிறது, எரியட்டும். பக்கத்தில் பெஞ்சு லேசாகக் கிறீச்சிடுகிறது, யாரோ தள்ளி உட்கார்ந்த மாதிரி, திரும்பமாட்டேன். யாராக இருந்தாலும் இருந்துகொள்ளட்டும், இன்றைக்கு எனக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை. வெளியே மணலில் செருப்புச் சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். வெள்ளிக் கொலுசு, ரெண்டு அடி, அங்கேயே நின்றுவிட்டது. பெட்டிப் பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்திருப்பாள். இப்போது நேரே பார்த்திருப்பாள். "அத்தை?" என்கிறாள், சத்தமே இல்லாமல். திரும்பமாட்டேன் கோகிலா. பதிலும் சொல்லமாட்டேன், சொன்னால் தாடை அசையும். இங்கேதான் இருக்கேன் மக்கா, உன் அத்தைதான், வேற யாருமில்ல, பயப்படாதே. போகும்போது நீ மணி பார்த்துவிட்டுத்தான் போயிருப்பாய், எப்போதும் பார்ப்பாய். எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு என்கிட்ட கேக்காத. உன் போன்லயே பாத்து, நேரம் ஆனதும் நீயே மூடிரு.